கத்தி எங்கே நிற்க வேண்டும்?

இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கீறல். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, தோலையும் கொழுப்பையும் தாண்டித் தசையுறை வரைக்கும் கத்தியை இறக்குகிறார் சர்ஜன். பிறகு கையுறை போட்ட விரலை அந்தக் கீறலுக்குள் விட்டுப் பார்க்கிறார். திசு நன்றாக இருந்தால் ரத்தம் கசியும்; விரல் முன்னேற முடியாமல் முட்டி நிற்கும். ரத்தமே வராமல் சாம்பல் நிறக் கலங்கல் நீர் வழிந்து, கொழுப்பு அடியிலுள்ள உறையை விட்டுக் கழன்று விரலுக்கு வழி விட்டால், அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. நோயாளியை அப்படியே ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இந்தப் பரிசோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். எம்.ஆர்.ஐ. காலத்தில் விரலை விட்டுப் பார்ப்பதா என்று தோன்றலாம். ஆனால், தசையுறையைத் தாக்கி அழுகவைக்கும் நோய்த்தொற்றில் ஸ்கேன் வரிசையில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் கூடுதலாகக் கொஞ்சம் சதையைக் கொண்டுபோகிறது. மருத்துவர்கள் இதை நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ் என்கிறார்கள். 1994ல் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் வட்டாரத்தில் அடுத்தடுத்துச் சிலருக்கு இது வந்தபோது, லண்டன் பத்திரிகைகள் ‘சதை தின்னும் கிருமி’ என்று தலைப்புப் போட்டன. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கனடாவின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த லூசியன் பூஷார் இதே நோயில் இடது காலை இழந்தார். உயிர் பிழைத்து, 1996ல் கியூபெக் மாகாணத்தின் முதல்வரானார்.

கிருமி எதையும் தின்பதில்லை. நடப்பது வேறு. தோலுக்கும் தசைக்கும் நடுவே, உரித்த ஆரஞ்சுச் சுளையைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் படலம் மாதிரி, உடல் முழுக்க ஓர் உறை ஓடுகிறது. ரத்த ஓட்டம் குறைந்த இடம் அது. கிருமி அங்கே இறங்கிவிட்டால் தடுத்து நிறுத்த ஆளில்லை; உறையைப் பற்றிக்கொண்டே நாலாபக்கமும் படர்ந்துவிடும். தோலுக்கு ரத்தம் கொண்டுவரும் பொடி நாளங்கள் இந்த உறையைத் துளைத்துக்கொண்டுதான் மேலே வருகின்றன. கிருமியின் நஞ்சில் அவை உறைந்து அடைபடுகின்றன. அடியில் எல்லாம் செத்துக்கொண்டிருக்கும்போது மேலே தோல் வெறுமனே சிவந்து, மினுமினுப்பாக, கொஞ்சம் வீங்கித் தெரியும். ‘ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்’ என்று சொல்லும்படிதான் இருக்கும்.

துப்பு கொடுப்பது வலி. கண்ணுக்குத் தெரியும் புண்ணுக்கும் நோயாளி துடிக்கும் துடிப்புக்கும் சம்பந்தமே இருக்காது. நல்ல மருத்துவர் அந்தப் பொருத்தமின்மையைத்தான் கவனிப்பார். அடுத்த கட்டம் இன்னும் மோசமானது. தோலுக்குப் போகும் நரம்புகளும் செத்த பிறகு, “வலி விட்டுடுச்சுப்பா” என்பார் நோயாளி. வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். கொப்புளமும் கருநீலத் திட்டும் தலைகாட்டுவது அதற்குப் பிறகு.

ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. எவ்வளவு விலையுயர்ந்த ஆன்டிபயாடிக்கை ரத்தத்தில் ஏற்றினாலும் அது அடைபட்ட நாளத்தின் வாசலோடு நின்றுவிடும். மருந்து வேண்டாம் என்பதல்ல. கிருமியின் நஞ்சு உற்பத்தியைக் கட்டுப்படுத்த கிளிண்டாமைசினும், வேறு கிருமிகளுக்கு வேறு மருந்துகளும் கட்டாயம் வேண்டும். ஆனால், செத்ததை வெட்டி எடுக்காமல் மருந்தை மட்டும் நம்பினால் தோல்விதான். இதற்குப் பழைய சாட்சியம் ஒன்று இருக்கிறது. 1924ல் பீக்கிங் நகரத்து மருத்துவமனையில் ஃபிராங்க் மெலனி என்ற அமெரிக்க சர்ஜன் இந்த நோய் கண்ட 20 பேரைப் பற்றி எழுதினார். பெனிசிலின் புழக்கத்துக்கு வர இன்னும் பல வருடங்கள் இருந்தன. அகலமாகக் கீறித் திறந்துவிட்டே அவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றியிருந்தார்.

இன்னொரு சாட்சியம் நமக்குப் பக்கத்து ஊர். சிங்கப்பூரில் 89 நோயாளிகளை ஆராய்ந்து 2003ல் வெளியான கட்டுரையில், ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோதே சரியாக நோய் கண்டறியப்பட்டவர்கள் 13 பேர் மட்டுமே. மற்றவர்கள் எல்லாரும் சாதாரணத் தோல் தொற்று, சீழ்க்கட்டி என்ற கணக்கில் படுக்க வைக்கப்பட்டவர்கள். 89 பேரில் 63 பேருக்குச் சர்க்கரை நோய். யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்பதை நிர்ணயித்த காரணங்களில் மருத்துவரின் கையில் இருந்தது ஒன்றே ஒன்று: அறுவை 24 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனதா, இல்லையா. அதே ஊரிலிருந்து அடுத்த வருடம் ஆறு ரத்தப் பரிசோதனைகளை வைத்து மதிப்பெண் போடும் முறையும் வந்தது. உதவியான முறைதான். ஆனால், மதிப்பெண் குறைவாக இருந்தும் நோய் இருந்தவர்கள் உண்டு என்று பிற்பாடு தெரிந்தது. சந்தேகம் தீர்ப்பது கடைசியில் அந்த இரண்டு சென்டிமீட்டர் கீறல்தான்.

செத்தது, சாகப்போவது, பிழைப்பது

வெட்ட வேண்டும், சரி. எதுவரை?

இங்கேதான் இரண்டு பக்கமும் பள்ளம். பயந்து குறைவாக வெட்டினால் மிச்சமிருக்கும் அழுகல் மறுநாள் ஒரு சாண் தள்ளிப் போயிருக்கும். தாராளமாக வெட்டினால் உயிர் நிற்கும்; ஆனால் அந்தக் கை பிடிக்காது, அந்தக் கால் நடக்காது. முன்பெல்லாம் பாடப்புத்தகம் தாராளத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. சிவந்த தோல் எல்லாவற்றையும் எடுத்துவிடு, ஓரம் நல்ல திசுவாக இருக்கட்டும் என்பதுதான் பாடம். உயிரா, உறுப்பா என்று கேள்வியை வைத்தால் அந்தப் பதிலில் தவறு சொல்ல முடியாது.

இப்போதைய சர்ஜன்கள் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நோய் பிடித்த பகுதியை மூன்று வளையமாகப் பார்ப்பது சிங்கப்பூர்க்காரர்கள் 2008ல் எழுதிய வழி. நடுவில் இருப்பது செத்துவிட்டது. தயவு தாட்சண்யம் இல்லாமல் வெட்டி எறி. அதைச் சுற்றி, சிவந்து வீங்கியிருந்தாலும் இன்னும் சாகாத வளையம். அதற்கும் வெளியே நல்ல தோல். சண்டை அந்த இரண்டாவது வளையத்தில்தான். அங்கே தோலைக் கதவு மாதிரி திறந்து, அடியிலிருக்கும் அழுகிய உறையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, தோலை விட்டுவைக்கப் பார்க்கிறார்கள். அறுத்த விளிம்பில் பளிச்சென்று சிவப்பாக ரத்தம் வந்தால் அந்தத் தோல் பிழைக்கும். கறுத்த ரத்தம் சொட்டுச் சொட்டாக வந்தால் நம்பக் கூடாது.

இப்படி விட்டுவைக்கத் துணிச்சல் தருவது மறுநாள் போடப்படும் இரண்டாவது ஆபரேஷன். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நோயாளியை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்ப்பார்கள். நேற்று சந்தேகமாக இருந்தது இன்று செத்திருந்தால் எடுப்பார்கள். தேவைப்பட்டால் மூன்றாம் நாளும். “நேத்துதானே ஆபரேஷன் பண்ணீங்க, திரும்ப எதுக்கு?” என்று வீட்டார் சண்டைக்கு வருவதை எந்த அரசு ஆஸ்பத்திரி வார்டிலும் கேட்கலாம். பணம் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் தனியார் ஆஸ்பத்திரியில் கூடச் சேர்ந்துகொள்ளும். திரும்பத் திரும்பத் திறப்பது சர்ஜனின் தோல்வி இல்லை. ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும் என்று நினைப்பவர்தான் தேவைக்கு மேல் வெட்டுகிறார். இதை முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லிவிடுகிற மருத்துவர்கள் குறைவு. சொல்லிவிட்டால் பாதிச் சண்டை இருக்காது.

உடம்பே சில இடங்களில் விட்டுவைக்கும் வேலையைச் செய்து வைத்திருக்கிறது. பிறப்புறுப்பைச் சுற்றி வரும் இதே அழுகலை, பாரிஸ் மருத்துவர் ஃபூர்னியே 1883ல் எழுதியதால் அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். விரைப்பையின் தோல் முழுவதும் கழன்றுபோகும். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு நின்றுவிடும். உள்ளே விரைகள் மட்டும் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். காரணம், அவற்றுக்கு ரத்தம் வருவது சுற்றியுள்ள தோலிலிருந்து அல்ல. வயிற்றுக்குள் ஓடும் பெருந்தமனியிலிருந்து தனிக் குழாய் போட்டு வருகிறது. அதனால் சர்ஜன் அவற்றைத் தொடையின் உள்பக்கத் தோலுக்கு அடியில் பை அமைத்துப் பத்திரப்படுத்திவிட்டு, புண் ஆறிய பிறகு தோல் ஒட்டு வைக்கிறார்.

சுண்டுவிரலில் முள், கட்டைவிரலில் வீக்கம்

கை விஷயத்தில் கணக்கே வேறு. சாவு பயம் இங்கே குறைவு. ஆனால், ஒரு விரல் மடங்காமல் நின்றுவிட்டால் தறியோ, ஸ்பேனரோ, அரிவாளோ பிடிக்க முடியாது. தினக்கூலிக்காரருக்கு அது அரைச் சாவு.

விரலை மடக்கும் தசைநாண் ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. மீன் முள்ளோ, கருவேல முள்ளோ குத்தி அந்தக் குழாய்க்குள் சீழ் கட்டினால் அது வெளியே வர வழியில்லை. அழுத்தம் ஏற ஏற தசைநாணுக்கு வரும் ரத்தம் நிற்கும். நாண் அழுகாவிட்டாலும் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த விரல் வெறும் குச்சி. சிகாகோவின் ஆலன் கனாவெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைக்குள் எந்த அறை எந்த அறையோடு சேர்கிறது என்று வரைபடம் போட்டு, 1912ல் புத்தகமாக்கினார். விரல் முழுக்க ஒரே சீராக வீங்கியிருப்பது, பாதி மடங்கிய நிலையிலேயே நிற்பது, குழாய் ஓடும் பாதை நெடுக அழுத்தினால் வலிப்பது, மருத்துவர் விரலை நிமிர்த்தப் பார்த்தால் உயிர் போவது: இந்த நான்கும் அவர் பெயரால் இன்றும் மாணவர்களுக்குப் பாடம். சுண்டுவிரல் குழாயும் கட்டைவிரல் குழாயும் மணிக்கட்டருகே பலருக்கும் தொடர்பில் இருக்கின்றன. அதனால் சுண்டுவிரலில் முள் குத்தியவருக்குக் கட்டைவிரல் வீங்கும். வரைபடம் தெரியாதவர் தப்பான இடத்தில் கீறுவார்.

இன்னொரு ஏமாற்று: சீழ் உள்ளங்கையில் இருக்கும், வீக்கம் புறங்கையில் தெரியும். உள்ளங்கைத் தோல் தடிமன், அடியோடு கட்டிப்போடப்பட்டது. புறங்கைத் தோல் தளர்வு. வீங்கின இடத்தில் பிளேடால் கீறிவிடுகிற அரைகுறை வைத்தியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் கீறலில் நீர்தான் வரும், சீழ் வராது.

கீறலுக்கும் இலக்கணம் உண்டு. விரல் மடியும் ரேகையைக் குறுக்கே நேர்கோட்டில் வெட்டினால், ஆறின பிறகு தழும்பு சுருங்கி விரலை வளைத்து இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் விரலின் பக்கவாட்டிலோ, கோணல்மாணலாக ரேகைக்கு ரேகை திரும்பியோதான் கத்தி போகும். சீழை வடித்துக் கழுவிவிட்டதும், கையை ஒரு குறிப்பிட்ட நிலையில் சிம்பு வைத்துக் கட்டுவார்கள்: மணிக்கட்டு சற்றுப் பின்னால் சாய்ந்து, விரல்கள் அடிமூட்டில் மடங்கி, நுனி மூட்டுகள் நேராக. பார்க்க விசித்திரமாக இருக்கும். அந்த நிலையில் மூட்டைப் பிடித்திருக்கும் தசைநார்கள் முழு நீளத்துக்கு இழுபட்டு நிற்கும் என்பதால், நாள்கணக்கில் அசையாமல் இருந்தாலும் அவை குறுகுவதில்லை. விரல்களை விரித்து, தட்டையாக வைத்துக் கட்டுப் போட்டால் புண் ஆறும், கை போய்விடும்.

ஓரிரு நாளிலேயே பிசியோதெரபிஸ்ட் வந்துவிடுவார். “தாத்தா, வலிச்சாலும் பரவாயில்ல, மடக்குங்க.” புண் ஆறட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற நம் ஊர்ப் பொறுமை இங்கே ஆகாது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர்.வெங்கடசாமி 1970களில் கட்டியெழுப்பிய கை அறுவைத் துறையில், அறுவையும் அதற்குப் பிந்தைய கைப்பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் இருந்தது சும்மா இல்லை. கத்தி வைத்தவர் ஒருவர், மடக்கவைப்பவர் எங்கோ இன்னொருவர் என்றால் கைக்கு நல்லதில்லை.

ஒரு விரலில் தொடங்குவது

நம் ஆஸ்பத்திரி சர்ஜரி வார்டுகளை நிரப்பியிருப்பது கால். ஐ.சி.எம்.ஆர். 2023ல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். பல வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடும். மதிய வெயிலில் கோயில் பிராகாரத்தில் நடந்துவிட்டு, ராத்திரி உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்த்து ‘இது எப்படி?’ என்று கேட்பவர்கள் உண்டு. கால் ஆணியைச் சவரப் பிளேடால் சீவுகிறவர்கள், வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து வெந்துபோனவர்கள், விரலிடுக்கில் சேற்றுப்புண்ணை மாதக்கணக்கில் கவனிக்காதவர்கள் என்று பட்டியல் நீளும். ஆணி ஏறிய செருப்போடு நாள் முழுக்க நடந்தவர்களும் இருக்கிறார்கள்.

விரலிடுக்கில் நுழைந்த சீழ், விரல் நாண்களைப் பிடித்துக்கொண்டு உள்ளங்காலின் நடு அறைக்குப் போகும். அங்கிருந்து கணுக்காலின் உள்பக்கம் சுற்றிக் கெண்டைக்காலுக்கு ஏறும். இங்கும் கை மாதிரியேதான்: வீக்கம் பாதத்தின் மேல்புறம், சீழ் அடிப்புறம். சர்ஜன் கீறும்போது குதிகாலையும் விரல்களுக்கு அடியில் இருக்கும் மேட்டையும் தொடாமல், உள்ளங்காலின் வளைவான, தரையில் படாத ஓரத்தோடு நீளமாகத் திறக்கப் பார்ப்பார். காரணம், குதிகாலின் தோல் உடம்பில் வேறெங்கும் கிடைக்காத சரக்கு. கொழுப்பைச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்துத் தைத்த மெத்தை அது. தொடையிலிருந்து தோல் எடுத்து அங்கே ஒட்டினால், முழு எடையும் இறங்கும்போது பல சமயம் கிழிந்துவிடும்.

வரிசையும் முக்கியம். முதலில் சீழை வெளியேற்று. அடுத்து, பாதத்துக்கு ரத்தம் போகிறதா என்று பார்த்து, அடைப்பு இருந்தால் பலூன் வைத்தோ பைபாஸ் போட்டோ வழி திற. கடைசியாகத்தான் எதை எடுப்பது, எதை மூடுவது. விரல் காய்ந்து கறுத்து, ஈரமோ நாற்றமோ இல்லாமல் இருந்தால் காத்திருக்கலாம். ஈரமாக, வீங்கி, நாற்றமெடுத்தால் அன்றைக்கே. புண்ணுக்குள் விடும் மெல்லிய உலோகக் குச்சி எலும்பில் ‘டக்’கென்று முட்டினால் எலும்பிலும் கிருமி இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

இனி எடுப்பது பற்றி. மக்கள் மனதில் இரண்டே நிலை: காலைக் காப்பாற்றிவிட்டார்கள் அல்லது காலை எடுத்துவிட்டார்கள். சர்ஜனின் மேசையில் நடுவே பல படிகள் இருக்கின்றன. ஒரு விரலை அதற்குரிய பாத எலும்போடு எடுப்பது ஒன்று. இதில் சுண்டுவிரல் பக்கம் போனால் பெரிய நஷ்டம் இல்லை. கட்டைவிரல் பக்கம் முழுதாகப் போனால் நடையில் உந்தித் தள்ளும் பலம் போய், எடை அடுத்த விரல்களின் அடியில் விழுந்து அங்கே புதுப் புண் வரும். அப்படி ஒவ்வொன்றாக இழப்பதைவிட, ஐந்து விரல்களையும் பாதத்தின் நடுவோடு சீராக எடுத்துவிடுவது சில நேரம் நல்லது. ஷூவின் முன்பகுதியில் பஞ்சு அடைத்துக்கொண்டு, பொய்க்கால் இல்லாமலேயே அவர் நடப்பார். ஆனால், பாதத்தை மேலே தூக்கும் பிடிமானம் குறைந்துபோன கால் அது. பின்னாலிருக்கும் குதிநாண் குதிகாலை மேலே இழுத்து, நுனியைத் தரையில் குத்தவைக்கும். அதனால் குதிநாணையும் சற்று நீளமாக்கிவிட வேண்டும். இந்தச் சின்ன வேலையை மறந்ததால் திரும்ப வந்து முழுக்காலையும் இழந்தவர்கள் உண்டு.

முழங்காலுக்குக் கீழே எடுப்பதா, மேலே எடுப்பதா என்பதிலும் உலகமே மாறிப்போகும். கீழே எடுத்தவர் பொய்க்கால் போட்டு நடக்க, சாதாரண ஆளைவிட ஏறக்குறைய கால் பங்கிலிருந்து சற்றுக் கூடுதலாக உடல்சக்தி செலவாகும். மேலே எடுத்தவருக்குப் பாதிக்கும் மேல் கூடுதல். இதயமும் தளர்ந்த அறுபது வயதுக்காரருக்கு இரண்டாவது கணக்கு கட்டுப்படியாகாது. பலர் பொய்க்காலை மூலையில் சாத்திவிட்டுச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். முழங்காலைக் காப்பாற்றுவது அந்த மனிதரின் நடையைக் காப்பாற்றுவது.

“எப்படியாவது காலை எடுக்காம பண்ணுங்க சார்” என்பது இயல்பான கெஞ்சல். அதற்கு எப்போதும் தலையாட்டும் டாக்டரை நான் நல்ல டாக்டர் என்று சொல்லமாட்டேன். குதிகால் எலும்பு கரைந்து, ரத்த ஓட்டத்தை மீட்க வழியும் இல்லாத பாதத்தை வைத்துக்கொண்டு, ஆபரேஷனுக்கு மேல் ஆபரேஷன் என்று மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பவரைவிட, முழங்காலுக்குக் கீழே சரியாக எடுத்து, பொய்க்கால் போட்டுக் கடைத்தெருவுக்குப் போய்வருபவரின் நிலைமை மேல். காப்பாற்றிய கால் நடக்க வேண்டும். நடக்காத பாதத்தை ஒட்டவைத்திருப்பது அறுவையின் வெற்றிக் கணக்கில் சேராது.

கொல்லிமலையிலிருந்து

சர்க்கரைக்காரர் பாதத்தைக் காக்கும் கலையை அமெரிக்காவிலிருந்து கற்றுக்கொண்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முக்கியமான பகுதி இங்கிருந்து அங்கே போனது.

பால் பிராண்ட் 1914ல் கொல்லிமலையில், மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். லண்டனில் சர்ஜரி படித்துவிட்டு 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குத் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அழைத்துக் காட்டிய கைகளும் பாதங்களும் அவருடைய வேலையையே திருப்பிவிட்டன. தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை எல்லாரும் நம்பினார்கள். பிராண்டும் அவருடைய குழுவும் பொறுமையாகக் கவனித்ததில், வலி தெரியாததால் ஏற்படும் காயங்களும் அவற்றில் நுழையும் கிருமிகளும்தான் விரலைக் கொண்டுபோகின்றன என்று தெளிந்தது. ராத்திரியில் விரல் குறைந்தவர்களைப் பற்றிய மர்மம், எலி கடித்துக்கொண்டு போகிறது என்று துலங்கிய பிறகு, சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் பூனை ஒன்றைக் கொடுத்தனுப்பிய கதையை அவரே எழுதியிருக்கிறார்.

தொழுநோயாளியின் புண்ணும் ஓய்வு கொடுத்தால் மற்றவர் புண் மாதிரியே ஆறும். ஆனால் வலிக்காத காலுக்கு யார் ஓய்வு கொடுப்பார்? வலியின் வேலையை மாவுக்கட்டைச் செய்யவைத்தார்கள். பாதத்தோடு ஒட்டிப் பிடித்து, எடையைக் கால் முழுவதும் பரப்பிவிடும் மாவுக்கட்டு. புண்ணோடு நடக்கவும் முடியும், புண் ஆறவும் செய்யும். இந்த யோசனைக்கு முன்னோடி, 1930களில் கொழும்பில் தொழுநோய்ப் புண்களுக்கு மாவுக்கட்டுப் போட்ட இலங்கைத் தமிழ் சர்ஜன் மில்ராய் பால். வேலூரிலும், 1955ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் அது பழகி மெருகேறியது. 1960களின் நடுவில் பிராண்ட் லூசியானாவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது அதையும் கொண்டுபோனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் மரத்த பாதத்துக்கும் அதே கட்டுப் போட்டார்கள். இன்று உலகெங்கும் உள்ளங்கால் புண்ணுக்கு முதல்தரச் சிகிச்சை அதுதான். உணர்ச்சி இருக்கிறதா என்று பாதத்தில் குத்திப் பார்க்கும் 10 கிராம் நைலான் இழையும் கார்வில் தொழுநோய்ப் பாதங்களில் பயின்று சர்க்கரைப் பாதத்துக்கு வந்ததுதான்.

கட்டுப் பிரிக்கும் அறை

பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் மிச்சமிருப்பது திறந்த புண். அதைத் தினமும் கட்டுப் பிரித்துக் கழுவி, மறுபடி கட்ட வேண்டும். 1997ல் அமெரிக்காவின் ஆர்ஜென்டாவும் மோரிக்வாஸும் வேறு வழி காட்டினார்கள். புண்ணில் ஸ்பாஞ்ச் வைத்து, மேலே காற்றுப் புகாத பிளாஸ்டிக் ஒட்டி, குழாய் வழியாக மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருந்தால் கழிவு நீர் வெளியேறும், வீக்கம் வடியும், சிவந்த புதுச் சதை வேகமாக வளரும். கம்பெனி மிஷினுக்கும் அதன் ஸ்பாஞ்சுக்கும் விலை அதிகம். நம் அரசு ஆஸ்பத்திரி சர்ஜன்கள், கிருமி நீக்கிய சாதாரண ஸ்பாஞ்ச், மூக்கு வழியாகப் போடும் ரைல்ஸ் டியூப், ஒட்டும் பிளாஸ்டிக் தாள், சுவரிலிருக்கும் உறிஞ்சு குழாய் என்று கைக்குக் கிடைத்ததை வைத்து அதே வேலையைச் செய்துகொள்கிறார்கள். அழுகல் முழுவதையும் எடுத்த பிறகே இதைப் போட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அழுகல் மேல் மூடி போட்டு உறிஞ்சினால் மிஷின் காப்பாற்றாது.

சதை மேலேறியதும் தோல் ஒட்டு. அது பிடித்துவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சர்ஜனின் கணக்கு அங்கே முடிகிறது. பாதத்தின் கணக்கு அங்கே தொடங்குகிறது. ஒரு தடவை புண் வந்து ஆறிய பாதத்தில் மறுபடி புண் வருவது சர்வசாதாரணம். ஒரு காலை இழந்தவரின் இன்னொரு காலுக்கும் ஆபத்து அதிகம். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். பாதத்துக்கென்றே பாதம் பாதுகாப்போம் திட்டமும் தமிழகத்தில் வந்திருக்கிறது. மாத்திரையோடு செருப்பைக் கழற்றச் சொல்லி விரலிடுக்கையும் பார்த்துவிட்டுப் போனால், இந்தக் கட்டுரையின் முதல் பாதி பலருக்குத் தேவைப்படாது.

செருப்பு விஷயம் மட்டும் எந்தத் திட்டத்துக்கும் எளிதில் மசிவதாகத் தெரியவில்லை. மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு உள்ளங்காலின் அழுத்தத்தைப் பரப்பிவிடும். வேலூர், கரிகிரி தொழுநோய் வேலையோடு சேர்ந்து பெயர் வாங்கியது. அந்தப் பெயர்தான் இப்போது தொல்லை. “அது குஷ்டக்காரங்க போடுறது” என்று சர்க்கரைக்காரர்கள் ஒதுக்குகிறார்கள். அதனால் சாதாரணக் கடைச் செருப்பு மாதிரித் தெரியும்படி, வார் மாற்றி, நிறம் மாற்றித் தைக்கிறார்கள். அப்படியும் அது வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் செருப்புப் போட நம் வழக்கம் இடம் தருவதில்லை. ஆனால் வயதானவர்கள் நாளில் பெரும்பகுதி நடப்பது வீட்டுக்குள், மொசைக் தரையில், வெறுங்காலோடு. இரண்டு ஜோடி வாங்குங்கள், ஒன்று தெருவுக்கு, இன்னொன்று வாசலைத் தாண்டாமல் வீட்டுக்குள் மட்டும் என்று மருத்துவர்கள் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு பூஜை அறைப் பக்கம் போகலாமா என்பதுதான் திரும்ப வரும் கேள்வி.